எஃகுக்குள் ஒளியும் ஹைட்ரஜன்: அதை எண்ணக் கற்றுத்தந்த தேவநாதன்

2013 மார்ச் மாதம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரையும் ஓக்லாந்தையும் இணைக்கும் பே பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி ஏறக்குறைய கட்டி முடிந்திருந்தது. அதன் ஒரு தூணில், நிலநடுக்கம் வந்தால் தாங்குவதற்காக 96 எஃகுத் தண்டுகளைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 3 அங்குல விட்டம். நீளமோ ஓர் ஆள் உயரத்தை விட அதிகம். மாதத் தொடக்கத்தில் அவற்றை இழுத்து இறுக்கினார்கள். இரண்டே வாரங்களில் 32 தண்டுகள் முறிந்துபோயின.

பாலத்தில் அதுவரை ஒரு வாகனம்கூட ஓடவில்லை. நிலநடுக்கமும் வரவில்லை. கணக்குப்படி அந்த எஃகு தாங்க வேண்டிய அளவுக்கு மேல் யாரும் அதை இழுக்கவும் இல்லை. பிறகு ஏன் முறிந்தது?

ஆய்வில் சிக்கிய குற்றவாளி, பிரபஞ்சத்திலேயே மிக இலேசான அணு: ஹைட்ரஜன். தண்டுகள் 2008 முதல் ஏறத்தாழ 5 ஆண்டுகள் தத்தம் குழிகளுக்குள் நின்றிருந்தன. அந்தக் குழிகளில் தண்ணீர் தேங்கியது. தண்ணீரும் உலோகமும் சேர்ந்தால் அரிப்பு உண்டாகும்; அரிப்பு நடக்கும்போது ஹைட்ரஜன் பிறக்கும். அதில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்தது. இழுத்து இறுக்கியதும் உள்ளே இருந்த ஹைட்ரஜன் தன் வேலையைக் காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் பாலத்தைத் திறந்தார்கள்; முறிந்த தண்டுகளுக்குப் பதிலான எஃகுச் சேணத்தைப் பொருத்தும் வேலை அதற்குப் பிறகே முடிந்தது.

வலுவான உலோகம் ஹைட்ரஜன் புகுந்ததால் கண்ணாடி போல நொறுங்குவதை ‘ஹைட்ரஜன் நொறுங்குமை’ என்கிறோம். இதைத் தடுக்க வேண்டுமானால் முதலில் உலோகத்துக்குள் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது, அது எங்கே சிக்கியிருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த அளவீட்டின் கதையில் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பெயர் வருகிறது.

ஜொகூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நம் மாநிலத்தைச் சுற்றிப் பாருங்கள். பெங்கெராங்கில் நாளொன்றுக்கு 3 இலட்சம் பீப்பாய் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை இருக்கிறது. எண்ணெயிலிருந்து கந்தகத்தை நீக்க அத்தகைய ஆலைகள் ஹைட்ரஜனைத்தான் பயன்படுத்துகின்றன. பாசிர் கூடாங்கில் கப்பல்களும் கடலடி எண்ணெய்த் தளங்களும் தடித்த எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து உருவாகின்றன. தீபகற்பத்தின் இயற்கை எரிவாயுக் குழாய்த் தடம் ஜொகூர் வரை வந்து சிங்கப்பூருக்கும் போகிறது.

இன்னொன்றும் உண்டு. 2023 அக்டோபரில் மலேசிய அரசு ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான தேசியத் திட்ட வரைவை வெளியிட்டது. கரியமில வாயுவை வெளியிடாத எரிபொருளாக ஹைட்ரஜனை உற்பத்தி செய்து, சேமித்து, ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படியானால் ஹைட்ரஜனை எதில் அடைப்போம்? எதன் வழியாக அனுப்புவோம்? பெரும்பாலும் எஃகில்தான். இப்போதுள்ள குழாய்களில் இயற்கை எரிவாயுவோடு கொஞ்சம் ஹைட்ரஜனைக் கலந்து அனுப்பலாமா என்று பல நாடுகள் ஆராய்ந்து வருகின்றன. ‘அனுப்பலாம்’ என்று ஒருவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்தக் குழாயின் எஃகு எவ்வளவு ஹைட்ரஜனை உள்ளே வாங்கும் என்ற எண் அவர் கையில் இருக்க வேண்டும். அந்த எண் தவறானால் ஆபத்து, குழாய்க்கு அருகில் வேலை செய்பவருக்கும் குடியிருப்பவருக்கும்தான்.

1875-இல் ஒரு கம்பி

இந்தச் சிக்கல் புதியதல்ல. 1875-இல் வில்லியம் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் இலண்டன் ராயல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு விநோதத்தை எழுதினார். நன்றாக வளையக்கூடிய இரும்புக் கம்பியைச் சில நிமிடங்கள் அமிலத்தில் போட்டு எடுத்தார். முன்பு மடித்து நிமிர்த்தினாலும் தாங்கிய அதே கம்பி, இப்போது ஒரே வளைப்பில் ஒடிந்தது. ஒடிந்த இடத்தை ஈரமாக்கிப் பார்த்தபோது அதிலிருந்து குமிழிகள் நுரைத்துக் கிளம்பின.

இன்னும் வியப்பான செய்தி: கம்பியைச் சில நாள் சும்மா வைத்திருந்தால் அது பழைய நிலைக்குத் திரும்பியது. சூடாக்கினால் இன்னும் விரைவாகத் திரும்பியது. அதாவது உள்ளே போன ஹைட்ரஜன் வெளியேறிவிட்டால் உலோகம் குணமாகிவிடும். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகும் தொழிற்சாலைகளில் செய்வது இதைத்தான். துத்தநாக மின்பூச்சு பூசிய வலுமிக்க போல்ட்டுகளைப் பூச்சு முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பல மணி நேரம் வேகவைக்கிறார்கள். மோட்டார் பட்டறையில் ‘12.9’ என்று தலையில் பொறித்த போல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போன்ற கடினமான போல்ட்டுகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். மென்மையான சாதாரண எஃகு இதில் எளிதாகத் தப்பித்துக்கொள்கிறது. எஃகு எவ்வளவு வலிமையோ அவ்வளவு ஹைட்ரஜனுக்குப் பயப்பட வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

ஹைட்ரஜன் வாயுவில் இரண்டு அணுக்கள் சோடியாக இருக்கும். அந்தச் சோடி இரும்புக்குள் நுழைய முடியாது. சோடி பிரிந்து ஒற்றை அணுவானால், இரும்பு அணுக்களின் இடுக்குகளில் நுழைந்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகும். அமிலம், அரிப்பு, மின்பூச்சு, வெல்டிங்கின்போது ஈரப்பதம் என ஒற்றை அணுக்கள் உருவாகும் வழிகள் பல.

உலோகத்துக்குள் அலையும் அணுக்கள் இழுவிசை அதிகமுள்ள இடங்களில், குறிப்பாகச் சிறு விரிசலின் முனையில், கூடுகின்றன. அங்கே அவை இரும்பு அணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன என்பது ஒரு விளக்கம். உலோக அடுக்குகள் அந்த ஓரிடத்தில் மட்டும் அளவுக்கு மீறி நழுவ வழிசெய்கின்றன என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் கைகோத்தே நடக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வி இது.

ஆனால் எல்லா ஹைட்ரஜனும் அலைந்துகொண்டே இருப்பதில்லை. எந்த எஃகும் குறையற்ற படிகம் அல்ல. படிக மணிகள் சந்திக்கும் எல்லைகள், அணு வரிசை பிசகிய இடங்கள், கார்பைடு துகள்கள், நுண்ணிய வெற்றிடங்கள் என்று பல மூலைகள் இருக்கின்றன. அங்கே ஹைட்ரஜன் மாட்டிக்கொள்கிறது. இவற்றைப் ‘பொறிகள்’ என்கிறார்கள். எலிப்பொறி என்கிறோமே, அதே பொறிதான்.

இதைப் புரிந்துகொள்ள வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜொகூர் பாருவிலிருந்து நூறு கார்கள் கோலாலம்பூருக்குக் கிளம்புகின்றன. சில கார்கள் மாச்சாப்பிலும் பாகோவிலும் தேநீர் குடிக்க நிற்கும். சிறிது நேரத்தில் மீண்டும் புறப்படும். இது தளர்ந்த பொறி. சில கார்கள் வழியில் உறவினர் வீட்டில் தங்கிவிடும், லேசில் கிளம்பாது. இது இறுகிய பொறி. நிற்காமல் ஓடும் கார்கள்தான் உலோகத்துக்குள் சுதந்திரமாக அலையும் ஹைட்ரஜன்.

விரிசல் முனைக்குப் போய்ச் சேருவது யார்? ஓடுபவரும், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புபவரும்தான். உறவினர் வீட்டில் தங்கியவரால் உடனடி ஆபத்தில்லை. ஆகவே ‘இந்த எஃகில் மொத்தம் இவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது’ என்று சொன்னால் மட்டும் போதாது. மொத்த அளவு கூடுதலாக இருந்தும் அது இறுகிச் சிக்கிய எஃகு பிழைக்கலாம். மொத்த அளவு குறைவாக இருந்தும் அது அலைந்து திரியும் எஃகு முறியலாம்.

தேவநாதன் கலம்

பல்கலைக்கழகத்தில் உலோக அரிப்பு பற்றிப் படிக்கும் எவரும் ‘தேவநாதன்-ஸ்டாகுர்ஸ்கி கலம்’ என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. ஆங்கிலப் பாடநூலில் ஜெர்மானிய, பிரிட்டிஷ், ஜப்பானியப் பெயர்களுக்கு நடுவே அந்த முதல் பெயரைப் பார்த்ததும் நான் ஒரு கணம் நின்றுவிட்டேன். யார் இந்தத் தேவநாதன்?

எம்.ஏ.வி. தேவநாதன், கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மின்வேதியியலாளர். 1950-களிலேயே அங்கிருந்து ஆய்வுக்கட்டுரைகளை வெளியிட்டவர். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, இசட். ஸ்டாகுர்ஸ்கியுடன் சேர்ந்து 1962-இல் ராயல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார். பல்லேடியம் உலோகத்துக்குள் ஹைட்ரஜன் எப்படிப் பரவுகிறது என்பது அதன் பொருள். ஜான்சன் தம் கம்பியைப் பற்றி எழுதிய அதே சங்கத்தின் ஏட்டில், 87 ஆண்டுகள் கழித்து, அதே ஹைட்ரஜனை எண்ணும் வழி வெளிவந்தது.

பின்னர் தேவநாதன் தமிழ்நாட்டின் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் பணியாற்றினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிறுவனம் அது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது.

கலம் எப்படி இயங்குகிறது? கருத்து வியக்கத்தக்க அளவுக்கு எளியது. படிவம் 5 வேதியியலில் ரெடோக்ஸ் பாடம் படித்த மாணவர் யாராலும் புரிந்துகொள்ள முடியும்.

இரண்டு கண்ணாடி அறைகள். நடுவே சுவர் போல ஒரு மெல்லிய உலோகத் தகடு. இடப்பக்க அறையில் மின்னாற்பகுப்பு நடத்தித் தகட்டின் மேல் ஹைட்ரஜன் அணுக்களை உண்டாக்குகிறோம். பெரும்பாலானவை சோடி சேர்ந்து குமிழியாகப் போய்விடும். சில, தகட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் நோக்கி நடக்கும். வலப்பக்க அறையில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் இருக்கிறது. அங்கே தகட்டின் மின்னழுத்தத்தை, வந்து சேரும் ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவும் உடனே ஓர் எலெக்ட்ரானை இழக்கும்படி அமைத்திருப்பார்கள். இரும்புத் தகடாக இருந்தால் அந்தப் பக்கம் மெல்லிய பல்லேடியம் பூச்சு கொடுப்பது வழக்கம்.

ஓர் அணு, ஓர் எலெக்ட்ரான். எலெக்ட்ரான்கள் ஓடினால் அது மின்னோட்டம். ஆகவே ஒரு சாதாரண மின்னோட்ட அளவியைக் கொண்டே அணுக்களை எண்ணிவிடலாம். சுங்கை பெசி டோல் சாவடியில் நின்று கார்களை எண்ணுவது போல. 1 மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 6.2 டிரில்லியன் அணுக்கள் வந்து சேர்கின்றன என்று பொருள்.

ஒரு சிறு கணக்கு

எண்ணிக்கையைப் போலவே அவை வந்து சேர எடுக்கும் நேரமும் முக்கியம். அந்தத் தாமதத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: தகட்டின் தடிமனை வர்க்கப்படுத்தி, பரவல் கெழுவின் 6 மடங்கால் வகுக்க வேண்டும்.

பொறிகளே இல்லாத தூய இரும்பில், அறை வெப்பநிலையில் பரவல் கெழு நொடிக்கு ஏறத்தாழ 10⁻⁸ சதுர மீட்டர். தகடு 1 மில்லிமீட்டர் என்றால் தாமதம் சுமார் 17 நொடி. பொறிகள் நிறைந்த எஃகில் அந்தக் கெழு 100 மடங்கு குறைந்து 10⁻¹⁰ ஆகலாம். அப்போது தாமதம் சுமார் 28 நிமிடம். தடிமன் மாறவில்லை, அடிப்படையில் இரண்டும் இரும்புதான். 17 நொடிக்கும் 28 நிமிடத்துக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் பொறிகளின் கைவரிசை. கண்ணுக்குத் தெரியாத பொறிகளைக் கடிகாரம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே தகட்டில் சோதனையை இரண்டு முறை செய்வார்கள். முதல் முறை முடிந்ததும் ஹைட்ரஜன் வெளியேறும் வரை காத்திருந்து மறுபடி தொடங்குவார்கள். இரண்டாம் முறை மின்னோட்டம் விரைவாக ஏறினால் என்ன பொருள்? தேநீர்க்கடையில் நின்ற கார்கள் கிளம்பிவிட்டன. உறவினர் வீட்டில் தங்கியவை இன்னும் அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு அங்கே இடமில்லை, நேராகப் போகிறார்கள். இரண்டு வரைகோடுகளுக்கும் உள்ள வித்தியாசம், இறுகிய பொறிகளில் சிக்கிய ஹைட்ரஜனின் அளவைச் சொல்லும். இன்று இந்த முறைக்கு ஐஎஸ்ஓ 17081 என்ற அனைத்துலகத் தரநிலையே இருக்கிறது.

சூடாக்கி வெளியேற்றுதல்

இரண்டாவது முக்கிய முறை, எஃகைச் சீரான வேகத்தில் சூடாக்குவது. வெளியேறும் ஹைட்ரஜனை நிறை நிறமாலைமானி எண்ணிக்கொண்டே இருக்கும். தளர்ந்த பொறியில் இருப்பவை நூறு, இருநூறு டிகிரியிலேயே கிளம்பிவிடும். இறுகிய பொறியில் இருப்பவற்றைக் கிளப்ப நானூறு டிகிரிக்கு மேலும் தேவைப்படலாம். வரைபடத்தில் மலைச் சிகரங்களைப் போல ஏற்ற இறக்கங்கள் தெரியும். ஒவ்வொரு சிகரமும் ஒரு வகைப் பொறியின் முகவரி. சூடாக்கும் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்தால், அந்தப் பொறி ஹைட்ரஜனை எவ்வளவு ஆற்றலுடன் பிடித்திருக்கிறது என்பதையும் கணக்கிடலாம்.

சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஒரு கிலோ எஃகில் ஒரு மில்லிகிராம் ஹைட்ரஜன் இருந்தாலே, அதாவது மில்லியனில் ஒரு பங்கு இருந்தாலே, சில வலுமிக்க எஃகுகளுக்கு ஆபத்து. அந்த ஒரு மில்லிகிராம் வாயுவாக வெளிவந்தால் ஏறத்தாழ 12 மில்லிலிட்டர். இரண்டு, மூன்று தேக்கரண்டி அளவு. மாதிரியை மேசையில் வைத்துவிட்டு மதிய உணவுக்குப் போனால் அதில் ஒரு பகுதி ஓடிவிடும். அதனால்தான் மாதிரிகளை 196 டிகிரி உறைநிலைக்குக் கீழுள்ள திரவ நைட்ரஜனில் போட்டு வைக்கிறார்கள். குளிரில் ஹைட்ரஜன் அசையாமல் உறைந்து கிடக்கும்.

வெல்டிங் தொழிலில் இந்த அளவீடு அன்றாட வாழ்க்கை. வெல்டிங் குச்சியின் மேற்பூச்சில் ஈரம் இருந்தால், மின்பொறியின் வெப்பத்தில் அது பிரிந்து ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கலக்கும். 100 கிராம் வெல்டிங் உலோகத்தில் பரவக்கூடிய ஹைட்ரஜன் எத்தனை மில்லிலிட்டர் என்று அளந்துதான் குச்சிகளைத் தரம் பிரிக்கிறார்கள். குறைந்த ஹைட்ரஜன் குச்சிகளைச் சூட்டடுப்பில் வைத்து எடுப்பதும், தடித்த தகடுகளை ஒட்டிய பிறகு 48 மணி நேரம் கழித்து விரிசல் பரிசோதனை செய்வதும் இதனால்தான். அன்றைக்குப் பார்த்தால் வெல்டிங் அழகாக இருக்கும். விரிசல் மறுநாள் வரும். அப்பாவோ மாமாவோ கப்பல் பட்டறையில் வெல்டர் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத பல நுணுக்கங்களைச் சொல்வார்கள்.

கல்பாக்கத்தில் ஒரு சீவல்

தமிழ்நாட்டில் கல்பாக்கம் அணுமின் நிலையமும் இதே கேள்வியைச் சந்தித்தது. அங்குள்ள இரண்டு உலைகளில் ஒவ்வொன்றிலும் 306 குழாய்கள். அவை எஃகு அல்ல, சிர்கோனியம் உலோகக் கலவை. எரிபொருளைச் சுமக்கும் அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் சூடான கனநீரில் இருந்து, ஹைட்ரஜனின் கனமான உடன்பிறப்பான டியூட்டீரியத்தை உறிஞ்சுகின்றன. அளவு மிஞ்சினால் சிர்கோனியத்துக்குள் ஹைட்ரைடு என்ற எளிதில் உடையும் பொருள் படியும். 1983 ஆகஸ்டு 1-ஆம் தேதி கனடாவின் பிக்கரிங் நிலையத்தில் இதே வகைக் குழாய் ஒன்று ஏறத்தாழ 2 மீட்டர் நீளத்துக்குப் பிளந்தது. உலகமே விழித்துக்கொண்டது.

குழாயைக் கழற்றாமல் அதற்குள் இருக்கும் ஹைட்ரஜனை எப்படி அளப்பது? இந்திய அறிவியலாளர்கள் ஒரு கருவியை உருவாக்கினார்கள். அது குழாய்க்குள் போய், உட்சுவரிலிருந்து ஒரு சிறு சீவலை மட்டும் சுரண்டிக் கொண்டுவரும். தேங்காய்த் துருவல் அளவுள்ள அந்தச் சீவலை ஆய்வகத்தில் சோதித்தால் ஹைட்ரஜன் அளவு தெரிந்துவிடும். குழாய் தொடர்ந்து வேலை செய்யலாம். கல்பாக்கத்தில் 2002-இல் இரண்டாவது உலையும் 2003-இல் முதல் உலையும் நிறுத்தப்பட்டு, ஹைட்ரஜனைக் குறைவாக உறிஞ்சும் சிர்கோனியம்-நியோபியம் குழாய்கள் பொருத்தப்பட்டன.

அணுவைக் கண்ணால் பார்ப்பது

தேவநாதன் கலமும் சூடாக்கும் முறையும் ‘எவ்வளவு’ என்று சொல்லும். ‘சரியாக எந்த இடத்தில்’ என்பதை ஊகிக்கத்தான் முடியும். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் அந்த இடத்தையே காட்டினார்கள். எஃகை ஊசி முனை போலக் கூர்மையாக்கி, சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாக டியூட்டீரியத்தை ஏற்றி, உடனே உறையவைத்து, முனையிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணினார்கள். ஏன் டியூட்டீரியம்? கருவிக்குள் எப்போதும் மிச்சமிருக்கும் ஹைட்ரஜனோடு அது குழம்பாது என்பதற்காக. வரிசை பிசகிய இடங்களிலும், மணி எல்லைகளிலும், நியோபியம் கார்பைடு துகளின் ஓரத்திலும் டியூட்டீரியம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. பொறி என்றாலே கெட்டது அல்ல. வனேடியம், டைட்டானியம், நியோபியம் ஆகியவற்றின் நுண்ணிய கார்பைடு துகள்களை எஃகுக்குள் வேண்டுமென்றே தூவிவைத்தால், அலையும் ஹைட்ரஜன் விரிசலைத் தேடிப் போவதற்கு முன்பே அவற்றில் மாட்டிக்கொள்ளும். எதிரியைச் சிறைவைக்கும் எஃகு. நாளைய ஹைட்ரஜன் தொட்டிகளுக்கும் குழாய்களுக்கும் இப்படிப்பட்ட எஃகைத்தான் ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன. அந்தத் துகள் உண்மையிலேயே ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கிறதா என்று உறுதிப்படுத்தவும் மேலே சொன்ன அதே அளவீடுகள்தான் வேண்டும்.

எஸ்பிஎம் முடித்துவிட்டு ‘அடுத்து என்ன படிக்கலாம்?’ என்று யோசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஹைட்ரஜன் என்றாலே எரிபொருள் கலமும் புதுவகைக் காரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்த ஹைட்ரஜன் பத்திரமாக இருக்கும் தொட்டியை உருவாக்க உலோகவியல் தெரிந்தவர் வேண்டும். அதைப் பரிசோதிக்க மின்வேதியியல் தெரிந்தவர் வேண்டும். அதன் இணைப்புகளை ஒட்டக் கைதேர்ந்த வெல்டர் வேண்டும். விரிசலைக் கண்டுபிடிக்கச் சோதனைத் தொழில்நுட்பர் வேண்டும். பொறியியல் படிக்க ஸ்கூடாயிலும் பத்து பஹாட்டிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. தொழிற்கல்விக்குக் கல்லூரிகள் இருக்கின்றன. வேலை செய்யும் இடங்களோ பாசிர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும், நம் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தொலைவில்.

அடுத்த முறை ரெடோக்ஸ் பாடத்தில் ‘ஹைட்ரஜன் ஓர் எலெக்ட்ரானை இழந்து அயனி ஆகிறது’ என்ற சமன்பாட்டை எழுதும்போது தேவநாதனை நினைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் ஒரு மதிப்பெண் தரும் அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் அவரும் ஸ்டாகுர்ஸ்கியும் எஃகுக்குள் ஒளிந்திருப்பதை எண்ணும் வழியை உலகுக்குத் தந்தார்கள்.